மூன்றாவது ஊசியும் ஆஸ்பத்திரிக் கட்டிலும்

(ஒரு பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



எனக்கு இன்று பேசக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம், கொரோனா நோய்க்கு மூன்றாவது தடவை தடுப்பூசி போடுவதைப் பற்றி 2021-ம் வருஷக் கடைசியில் இங்கிலாந்தில் நடந்த வாதப் பிரதிவாதமும், அதோடு சேர்ந்து அந்த ஊர் ஆஸ்பத்திரிகள் பட்ட பாடும் ஆகும். நான் டாக்டரல்ல, காலேஜ் வாசலை மிதித்தவனுமல்ல. பத்திரிகைகளையும் சர்க்கார் வெளியிட்ட கணக்குகளையும் படித்து, என் புத்திக்கு எட்டியவரை யோசித்ததைத்தான் சொல்லப் போகிறேன். ஆகையால் நான் சொல்லுவதை அப்படியே நம்பிவிட வேண்டாம். டாக்டர் சொன்னாலும் சரி, மந்திரி சொன்னாலும் சரி, நான் சொன்னாலும் சரி, “எதனால் அப்படிச் சொல்லுகிறாய்? கணக்கெங்கே?” என்று கேட்டுவிட்டுப் பிறகு ஒப்புக்கொள்ளுங்கள்.

“வெள்ளைக்காரன் ஊர் ஊசிச் சண்டை நமக்கெதற்கு?” என்று உங்களில் சிலர் நினைக்கலாம். வெள்ளைக்காரன் எதைச் செய்தாலும் அறிவோடுதான் செய்வான் என்று நம்மில் படித்தவர்களுக்குள்ளேயே ஒரு எண்ணமிருக்கிறது. அவனும் நம்மைப் போலவே புரளியை நம்புகிறான், நம்மைப் போலவே பயப்படுகிறான், அவனுடைய மந்திரிகளும் கையில் காசில்லாத கடன்காரனைப் போல் நாளைக்கு நாளைக்கு என்று சொல்லிக் காலந்தள்ளுகிறார்கள் என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அதோடு, அந்தச் சண்டையில் நமது பூனா ஊசிக்கும் ஒரு பங்குண்டு. அதைப் பின்னால் சொல்லுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2020 டிசம்பர் 8-ந் தேதி இங்கிலாந்திலே கவெண்ட்ரி என்கிற ஊர் ஆஸ்பத்திரியில் 90 வயதுள்ள ஒரு மூதாட்டிக்கு முதல் ஊசி போட்டார்கள். பரீட்சைக்காக அல்லாமல் உலகத்தில் பொது ஜனங்களுக்கு ஃபைசர் கம்பெனி ஊசி போட ஆரம்பித்தது அன்றைக்குத்தான். பிறகு ஊர் ஊராய்ப் போட்டார்கள். சாலிஸ்பரி என்கிற ஊரில் பல நூற்றாண்டு பழைய பெரிய மாதா கோயிலைத் திறந்துவிட்டு, கிழவர் கிழவிகளை நாற்காலியில் உட்கார வைத்து, ஆர்கன் வாத்தியம் வாசிக்க வாசிக்க ஊசி போட்டார்கள். கோயிலுக்குள் போட்டாலும் ஊசி ஊசிதான். வேலை செய்தது சீசாவில் இருந்த மருந்துதான். கோயிலை இப்படி ஒரு பிரயோசனமான காரியத்திற்கு விட்டதற்காக அந்தப் பாதிரிமார்களுக்கு நாம் வந்தனஞ் சொல்லலாம். நம் ஊர்க் கோயில் மண்டபங்களெல்லாம் வௌவாலுக்குத்தானே பயன்படுகின்றன!

நிற்க. இரண்டு ஊசி போட்டு முடிந்தது. “இனி பயமில்லை” என்றார்கள். ஆறு மாதம் கழிவதற்குள் “மூன்றாவது ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும்” என்றார்கள். 2021 செப்டம்பர் 14-ந் தேதி அந்நாட்டுத் தடுப்பூசிக் கமிட்டி 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், நோயாளிகளுக்கும், வைத்தியத் தொழிலில் முன்னால் நிற்பவர்களுக்கும் மூன்றாவது ஊசி என்று சொல்லிற்று. நவம்பர் 24-ந் தேதி தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள் கொரோனாவில் புது மாதிரி ஒன்று வந்திருப்பதாக உலக சுகாதார ஸ்தாபனத்திற்கு அறிவித்தார்கள். அதற்கு ஒமிக்ரான் என்று பெயர் வைத்தார்கள். உடனே நவம்பர் 29-ந் தேதி, 18 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் மூன்றாவது ஊசி என்றாயிற்று. ஆறு மாத இடைவெளி மூன்று மாதமாயிற்று. டிசம்பர் 12-ந் தேதி ராத்திரி பிரதம மந்திரி போரிஸ் ஜான்சன் டெலிவிஷனில் தோன்றி, அந்த மாதக் கடைசிக்குள் வயது வந்த ஒவ்வொருவருக்கும் ஊசிக்கு இடம் தருவதாகச் சொன்னார். பட்டாளத்து ஆட்களையும் உதவிக்கு அனுப்பினார்கள். ஊசி போட்ட பிறகு கால் மணி நேரம் உட்கார வைத்துப் பார்க்கிற வழக்கத்தைக்கூட நேரம் போதாதென்று நிறுத்தி வைத்தார்கள். டிசம்பர் 18-ந் தேதி ஒரே நாளில் 9 லட்சம் பேருக்கு மேல் போட்டார்கள்.

இந்த இடத்திலேதான் சண்டை. ஒரு கட்சியார், “இரண்டு போட்டால் போதுமென்றாய், இப்போது மூன்றென்கிறாய், நாளைக்கு நாலென்பாய், ஆகவே முதலிலிருந்தே எல்லாம் பித்தலாட்டம்” என்றார்கள். இன்னொரு கட்சியார், “சர்க்கார் சொல்லிவிட்டது, கேள்வி கேட்பவன் கொலைகாரன்” என்றார்கள். இந்த இரண்டு கட்சியாரும் எனக்கு ஒரே கோயிலின் வடகலை தென்கலையாகத்தான் தோன்றுகிறார்கள். ஒருவருக்காவது கணக்கைப் பார்க்கப் பொறுமையில்லை.

மூன்றாவது ஊசி என்பதனாலேயே அது பித்தலாட்டமாகிவிடுமா என்று பார்ப்போம். ஜென்னர் என்கிற இங்கிலீஷ் வைத்தியர் 1796-ல் மாட்டம்மைப் பாலை ஒரு பையன் கையில் கீறி வைத்து, பெரியம்மை வராமல் தடுக்கலாமென்று காட்டினார். ஒரு தடவை குத்தினால் ஆயுசுக்கும் போதும் என்று அவரே நம்பினார். கொஞ்ச காலம் போனபிறகு, சிறு வயதில் குத்திக்கொண்டவர்களில் சிலருக்குப் பெரிய வயதில் அம்மை வருவதைக் கண்டார்கள். “ஜென்னர் பொய்யன்” என்று தூக்கிப் போட்டுவிடவில்லை. இன்னொரு தடவை குத்திப் பார்த்தார்கள். ஜெர்மனியில் 1874-ல் செய்த சட்டப்படி குழந்தைப் பருவத்தில் ஒரு தடவையும் 12-ம் வயதில் மறு தடவையும் குத்தினார்கள். ஆகவே மறு ஊசி என்பது 2021-ல் கம்பெனிக்காரன் புதிதாய்க் கண்டுபிடித்த தந்திரமல்ல. 150 வருஷத்துப் பழைய வழக்கம். அந்த அம்மை இன்றைக்கு எங்கே? இந்தியாவில் 1975-ல் ஒழிந்தது. உலகத்திலேயே இல்லையென்று 1980-ல் தெரிவித்தார்கள். ஆத்தாள் இறங்கியிருக்கிறாள், வேப்பிலை கட்டு, கூழ் ஊற்று என்று எத்தனை நூற்றாண்டு செய்தோம்! இறங்கின ஆத்தாளை ஏற்றி அனுப்பியது ஊசி குத்த வந்த காக்கிச் சட்டைக்காரன்தான்.

ஊசியை எதிர்க்கிறவர்களும் அந்நாட்டில் புதிதல்ல. ஜென்னர் காலத்திலேயே மாட்டம்மை குத்திக்கொண்டவன் உடம்பில் மாட்டுத் தலை முளைப்பதாகப் படம் போட்டார்கள். 1853-ல் சட்டம் போட்டுக் குழந்தைகளுக்குக் கட்டாயமாய்க் குத்த ஆரம்பித்து, மறுத்த ஏழைகளுக்கு அபராதமும் ஜெயிலும் கொடுக்கவே, 1885-ல் லெஸ்டர் நகரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் ஜென்னரின் கொடும்பாவியைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். கடைசியில் 1898-ல் மனச்சாட்சிக்கு ஒவ்வாதவர்கள் விலகிக்கொள்ளலாமென்று சட்டத்தைத் திருத்தினார்கள். அபராதம் போட்டு அறிவு புகட்ட முடியாது என்பதை அவர்கள் 45 வருஷம் செலவழித்துத் தெரிந்துகொண்டார்கள். பேரப்பிள்ளைகள் மறந்துவிட்டார்கள்.

இனி கொரோனா ஊசி ஏன் தளர்ந்தது என்று பார்ப்போம். ஊசி போட்டவுடன் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி நிறைய உண்டாகிறது. அது வாசலில் நிற்கிற காவல்காரனைப் போன்றது. சில மாதங்களில் அந்தக் காவல் குறைகிறது. புது மாதிரிக் கிருமி வேஷத்தை மாற்றிக்கொண்டு வந்தால் ஏமாந்தும் போகிறது. ஆனால் வீட்டுக்குள்ளே படுத்திருக்கிற ஆட்கள் சத்தங்கேட்டு எழுந்து தடியை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அதனால் என்ன ஆகிறதென்றால், நோய் தொற்றுகிறது. ஆனால் ஆளைக் கொல்லுமளவுக்கு முற்றுவதில்லை. கிழவர்களுக்கும், உடம்பில் வேறு வியாதி உள்ளவர்களுக்கும் உள்ளே இருக்கிற ஆட்களும் சோனிகள். ஆகையால் அவர்களுக்குத்தான் மூன்றாவது ஊசி பெரிய உபகாரம். ஒமிக்ரான் வந்து ஒரு மாதத்தில் இங்கிலாந்து சுகாதார இலாகா வெளியிட்ட கணக்குப்படி, மூன்றாவது ஊசி போட்டுக்கொண்டவர் ஆஸ்பத்திரிக்குப் போகும்படியான ஆபத்து, ஊசியே போடாதவரைவிட 100-க்கு 88 பங்கு குறைந்திருந்தது. அதே கணக்கில் இன்னொன்றும் இருந்தது. சாதாரணமாய்க் காய்ச்சல் இருமலென்று நோய் வராமல் தடுக்கிற சக்தி, மூன்றாவது ஊசிக்குப் பிறகும் 10 வாரத்தில் பாதியளவுக்கு இறங்கிவிட்டது. முதல் செய்தியை மட்டும் ஒரு கட்சியார் மேடையில் சொன்னார்கள். இரண்டாவதை மட்டும் மற்றக் கட்சியார் சொன்னார்கள். இரண்டும் ஒரே இலாகா சொன்னதுதான்.

பலன் என்னவென்று கேட்பீர்கள். 2021 ஜனவரியில் அந்நாட்டு ஆஸ்பத்திரிகளில் ஒரே சமயத்தில் 39,000 கொரோனா நோயாளிகள் வரையில் கிடந்தார்கள். சுமார் 4,000 பேர் மூச்சு யந்திரத்தில் இருந்தார்கள். 2022 ஜனவரியில் நோய் அதைவிடப் பல மடங்கு பரவியிருந்தும், ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் சுமார் 20,000; மூச்சு யந்திரத்தில் 1,000 பேருக்குங் குறைவு. இதெல்லாம் ஊசியினால்தான் என்று நான் சொன்னால் நானும் பொய் சொன்னவனாவேன். ஒமிக்ரானே முந்தியதைவிடக் கொடூரங் குறைந்தது. முன்னமே நோய் வந்து தப்பியவர்களும் அநேகர். ஆனால் பெரும் பங்கு ஊசியினுடையது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அப்படியானால் எல்லோருக்கும் போட வேண்டியதுதானே, இதில் அறிவாளிகளுக்குள் என்ன சண்டை என்று கேட்கலாம். அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் அந்தத் தடுப்பூசியை உண்டாக்கிய சாரா கில்பர்ட் அம்மையாரே, கிழவர்களுக்கும் சக்தி குறைந்தவர்களுக்கும் போடுங்கள், எல்லோருக்கும் வேண்டியதில்லை, மிச்சத்தை ஊசியே கிடைக்காத நாடுகளுக்கு அனுப்புங்கள் என்று 2021 செப்டம்பரில் சொன்னார். தான் சமைத்த சோற்றைத் தானே “உனக்குப் போதும், அடுத்த பந்திக்கு விடு” என்று சொன்ன மாதிரி. அமெரிக்காவிலும் அதே செப்டம்பர் 17-ந் தேதி மருந்து இலாகாவின் ஆலோசனைக் கமிட்டி, 16 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் மூன்றாவது ஊசி என்பதை 16-க்கு 2 என்ற வோட்டில் தள்ளிவிட்டு, 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் அதிக ஆபத்துள்ளவர்களுக்கும் போடலாமென்று ஏகமனதாய் ஒப்புக்கொண்டது. இவர்களெல்லாம் ஊசியின் விரோதிகளா? ஊசியே தொழிலாகக் கொண்டவர்கள்! விஞ்ஞானத்தில் அபிப்பிராய பேதம் இருந்தால் அது விஞ்ஞானத்துக்குக் குறைவென்று நினைப்பது, ஒரே வேதம் ஒரே வாக்கு என்று பழகிப்போன புத்தியினால்தான்.

ஒமிக்ரான் வந்த பிறகு வாதம் மாறிற்று. 25 வயதுக்காரனைப் பார்த்து, “உன் உடம்புக்காக அல்ல, ஆஸ்பத்திரியைக் காப்பாற்றுவதற்காகப் போட்டுக்கொள்” என்றார்கள். லட்சக்கணக்கானவர்களுக்கு ஒரே வாரத்தில் நோய் வந்தால், அதில் ஆயிரத்தில் சிலர் வந்தாலும் ஆஸ்பத்திரி தாங்காது என்பது நியாயமான வாதம்தான். நானாயிருந்தால் போட்டுக்கொண்டிருப்பேன். ஆனால் அந்த 25 வயதுக்காரன் திருப்பி ஒரு கேள்வி கேட்டால் மந்திரி என்ன பதில் சொல்லுவார்? “ஆஸ்பத்திரியைக் காப்பாற்ற நான் கையை நீட்டுகிறேன், நீ இத்தனை வருஷம் என்ன செய்தாய்?” என்பதே அந்தக் கேள்வி.

இங்கிலாந்தில் 1948 ஜூலை 5 முதல் ஏழை பணக்காரன் பாராமல் யாருக்கும் இலவச வைத்தியம் என்று ஒரு ஏற்பாடு உண்டு. சுரங்கத் தொழிலாளி மகன் பெவான் என்பவர் மந்திரியாயிருந்தபோது செய்தது. உலகத்தில் நடந்த நல்ல காரியங்களில் அது ஒன்று. அதைக் குறை கூற நான் வரவில்லை. அதைப் பட்டினி போட்டவர்களைத்தான் சொல்லுகிறேன். 1987-88-ல் இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் சுமார் 2,99,000 கட்டில்கள் இருந்தன. கொரோனா வருகிற சமயம், 2019-20-ல் சுமார் 1,41,000. பாதிக்குமேல் காணோம். மனநோயாளிகளை வீட்டிலிருந்தே பார்க்கும் முறையும், காலையில் அறுத்துச் சாயந்திரம் அனுப்பும் முறையும் வந்ததனால் குறைந்தது ஒரு பாகம் என்று சொல்லுகிறார்கள், அது சரிதான். ஆனால் ஜெர்மனியில் ஆயிரம் பேருக்குச் சுமார் 8 கட்டிலிருக்க, இங்கே இரண்டரைக்கு வந்து நின்றதற்கு அது மட்டுமா காரணம்? கட்டிலிருந்தாலும் பக்கத்தில் நிற்க ஆள் வேண்டுமே! 2021-ல் சுமார் 40,000 நர்சு வேலைகள் ஆளில்லாமல் காலியாய்க் கிடந்தன. நோய் தீர்ந்த கிழவனை வீட்டுக்கனுப்பினால் பார்த்துக்கொள்ள ஆளில்லையென்று ஆஸ்பத்திரியிலேயே வைத்திருந்தார்கள். அவன் கட்டில் காலியாகாததால் புது நோயாளியை ஏற்றி வந்த ஆம்புலன்ஸ் வாசலில் மணிக்கணக்கில் நின்றது. அந்த வண்டி நின்றதால் வேறொரு வீட்டில் நெஞ்சுவலிக்காரன் வண்டிக்குக் காத்துக் கிடந்தான். சிகிச்சைக்குக் காத்திருக்கும் ஜாபிதா, கொரோனாவுக்கு முன்னாலேயே 40 லட்சத்துக்கு மேலிருந்தது, 2021 அக்டோபர் கடைசியில் ஏறக்குறைய 60 லட்சமாயிற்று.

இந்த நிலைமையில் டிசம்பர் உத்தரவு வந்தது. யார் ஊசி போடுவது? அதே டாக்டர், அதே நர்சுதான். ஆகவே மற்ற வைத்தியத்தைப் புது வருஷம் வரைக்கும் ஒத்திப் போடுங்கள் என்றார்கள். ஒரே மாட்டை இரண்டு ஏரில் பூட்டின கதை. ஒத்திப் போட்டதில் எத்தனை பேருடைய கட்டி பெரிதாயிற்றோ! பிறகு, “டாக்டர் முகத்தையே பார்க்க முடியவில்லை” என்று பத்திரிகைக்காரர்கள் டாக்டர்களையே திட்டினார்கள்.

இது போதாதென்று இன்னொரு புத்திசாலித்தனம் செய்தார்கள். கிழவர்களைப் பராமரிக்கும் விடுதிகளில் வேலை செய்கிறவர்கள் ஊசி போட்டிருந்தாலொழிய வேலையில்லை என்று 2021 நவம்பர் 11 முதல் சட்டமாக்கினார்கள். ஆளில்லாத தொழிலில் இருந்த ஆளும் போயிற்று. ஆஸ்பத்திரிக்காரர்களுக்கும் 2022 ஏப்ரல் 1 முதல் அதே விதி என்றார்கள். ஆயிரக்கணக்கான நர்சுகளை இழக்க நேரிடுமென்று தெரிந்தபிறகு, ஒமிக்ரான் கொடூரங் குறைந்ததென்று காரணஞ்சொல்லி, ஜனவரி 31-ந் தேதி கைவிட்டார்கள். இதே நர்சுகளுக்காகத்தான் 2020-ல் வியாழக்கிழமை தோறும் ராத்திரி 8 மணிக்கு வாசலில் நின்று கைதட்டினார்கள். மறு வருஷம் சம்பள உயர்வு என்று வந்தபோது சர்க்கார் முதலில் சிபாரிசு செய்தது 100-க்கு ஒன்று! பெரிய கூச்சல் கிளம்பின பிறகுதான் மூன்றாயிற்று. நாம் சிரிக்க வேண்டியதில்லை. நம் தேசத்திலும் 2020 மார்ச் 22-ந் தேதி தட்டையும் மணியையும் அடித்தோம். ஒரு வருஷங் கழித்து, 2021 ஏப்ரல் மே மாதங்களில், பிராணவாயு சிலிண்டருக்கு ஜனங்கள் தெருத்தெருவாய் ஓடினார்கள். தட்டின் ஓசை சிலிண்டரை நிரப்பவில்லை.

ஊசிக்குப் பயந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் கறுப்பர்களும் நம்மவர் போன்ற குடியேறின ஏழைகளும் குறைவாகவே போட்டுக்கொண்டார்கள். “அறிவில்லாதவர்கள்” என்று சொல்லிவிடுவது சுலபம். ஆஸ்பத்திரியில் மரியாதை கிடைக்காதவன், சர்க்கார் ஆபீசில் சந்தேகத்தோடு பார்க்கப்பட்டவன், திடீரென்று ஒரு நாள் சர்க்கார் அன்போடு கூப்பிட்டால் சந்தேகப்படத்தானே செய்வான்? அவன் பாஷையில் அவன் தெருவுக்குப் போய்ச் சொல்லவேண்டும். அப்படிச் சொன்ன இடங்களில் போட்டுக்கொண்டார்கள். ஆனால் அந்தப் பயத்தை மூலதனமாக வைத்து, ஊசியில் காந்தமிருக்கிறது, கம்பியில்லாத் தந்தி இருக்கிறது என்று கதைகட்டினவர்களை நான் மன்னிக்கத் தயாரில்லை. அவர்களுக்கும் தாயத்து விற்கிறவனுக்கும் என்ன வித்தியாசம்?

இப்போது பூனா ஊசிக்கு வருகிறேன். ஆக்ஸ்போர்டு ஊசியைப் பெருவாரியாய்ச் செய்து ஏழை நாடுகளுக்கு அனுப்பும் பொறுப்பு பூனாவிலுள்ள சீரம் கம்பெனிக்கு இருந்தது. 2021 வசந்தத்தில் நம் தேசமே பற்றியெரிந்தபோது ஏற்றுமதி நின்றது. அதை நம்பியிருந்த ஆப்பிரிக்க நாடுகள் அந்தரத்தில் நின்றன. உலக சுகாதார ஸ்தாபனத் தலைவர் டெட்ரோஸ், ஆகஸ்டு 4-ந் தேதி, மூன்றாவது ஊசியைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள், முதல் ஊசியே இல்லாதவர்கள் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டார். அதுவரை உலகத்தில் போட்ட 400 கோடிக்கு மேற்பட்ட ஊசிகளில் 100-க்கு 80-க்கு மேல் பணக்கார நாடுகளுக்கும் ஓரளவு வசதியுள்ள நாடுகளுக்கும் போயிருந்தன. அந்த நாடுகளிலோ உலக ஜனத்தொகையில் பாதிகூட இல்லை. யாரும் கேட்கவில்லை. அந்த வருஷம் முடியும்போது ஆப்பிரிக்காவில் 10 பேரில் ஒருவருக்குக்கூட முழு ஊசி போட்டாகவில்லை. ஊசி செய்யும் உரிமையைக் கம்பெனிகளிடமிருந்து தளர்த்திவிட்டால் நாங்களும் செய்துகொள்ளுவோமென்று இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபரிலேயே உலக வர்த்தக ஸ்தாபனத்தில் கேட்டன. இங்கிலாந்து எதிர்த்தது. 2022 ஜூனில் ஏதோ ஒரு அரைகுறைச் சலுகை கிடைத்தது. அதற்குள் பந்தி முடிந்து இலை எடுத்தாயிற்று. ஒமிக்ரானைக் கண்டுபிடித்துச் சொன்னதும் அந்தத் தென்னாப்பிரிக்காதான். சொன்னதற்குக் கூலியாக அவர்களுடைய ஆகாயக் கப்பல்களை இங்கிலாந்து உடனே நிறுத்திற்று.

நம் தேசத்துக் கதையையும் சுருக்கமாய்ச் சொல்லிவிடுகிறேன். 2022 ஜனவரி 10 முதல் வைத்தியத் தொழிலாளிகளுக்கும், முன்களத்தாருக்கும், வியாதியுள்ள 60 வயதுக்காரர்களுக்கும் “முன்னெச்சரிக்கை டோஸ்” என்ற பேரில் இலவசமாய்ப் போட்டார்கள். அது முறையான வரிசை, பாராட்டுகிறேன். ஏப்ரல் 10 முதல் மற்றவர்களுக்கும் என்றார்கள். ஆனால் தனியார் ஆஸ்பத்திரியில் காசு கொடுத்து. மருந்துக்கு 225 ரூபாய், போடுகிற கூலி 150 வரையில். வீட்டில் நாலு பேர் வயது வந்தவர்களிருந்தால் 1,500 ரூபாய். கூலிக்காரன் எங்கே போவான்? ஜனங்கள் எட்டிப் பார்க்கவில்லை. ஜூலை 15 முதல் 75 நாளைக்கு இலவசமென்று சர்க்காரே இறங்கி வந்தது. போடாமலிருந்தவனெல்லாம் மூடன் என்று நினைத்தவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்திலே அதற்குப் பிறகு என்ன ஆயிற்றென்றால், மறு ஊசி கொஞ்சங் கொஞ்சமாய்க் குறைக்கப்பட்டு, 2025 இலையுதிர் காலத்தில் 75 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், விடுதியில் இருக்கும் கிழவர்களுக்கும், எதிர்ப்புச் சக்தி இழந்த நோயாளிகளுக்கும் மட்டுமென்று வந்துவிட்டது. சாரா கில்பர்ட் அம்மையார் 2021-ல் சொன்ன இடத்திற்கு அநேகமாய் வந்து சேர்ந்தார்கள். காத்திருக்கும் ஜாபிதாவோ 2023 செப்டம்பரில் 77 லட்சத்தை எட்டிற்று. அதற்கு எந்தக் கம்பெனியும் ஊசி கண்டுபிடிக்கவில்லை.

நேரமாகிவிட்டது. எனக்குப் பின்னால் பேச இரண்டு தோழர்கள் காத்திருக்கிறார்கள். கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் துண்டுச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்புங்கள். எனக்குத் தெரிந்ததற்குப் பதில் சொல்லுகிறேன். நம் வீட்டுக் கிழவர்களில் யாருக்கு எந்த ஊசி பாக்கி என்று கேட்க வேண்டுமானால், சீட்டை என்னிடம் அனுப்ப வேண்டாம். நாளைக் காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் அங்கேயுள்ள நர்சம்மாவைக் கேளுங்கள். போகிறபோது அங்கே எத்தனை கட்டிலிருக்கிறது, எத்தனை ஆளிருக்கிறது என்பதையும் எண்ணிக்கொண்டு வாருங்கள்.